பெருந்தலைக் கெண்டையும் தோயாத தயிரும்

துப்பறிகிறவரிடம் வேலைக்குச் சேர்ந்தால் கையில் துப்பாக்கி கொடுப்பார்கள் என்று நம்பித்தான் பஸ் கண்டக்டர் உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தேன். அம்பிகைபாகன் சார் இதுவரை என் கையில் கொடுத்தது ஒரு குடை, ஒரு ஃபிளாஸ்க், போன மாதம் யாரோ ஒரு சாட்சியின் பூனை. இந்த வாரம் மீன் தலை. அதுவும் சாதாரணத் தலை இல்லை, என் தலையை விடப் பெரிசு. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது பக்கத்து சீட்டு மலாய்க்கார அம்மா எழுந்து போய் நின்றுகொண்டாள். ஆனால் அது சனிக்கிழமைக் கதை. வெள்ளிக்கிழமையிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

பஃபலோ ரோட்டில் ஒரு பால்கடைக்கு மேல்மாடிதான் எங்கள் ஆபீஸ். அன்றைக்கு மனோரஞ்சிதம் என்ற பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு தனியார் டிஸ்பென்சரியில் நர்ஸ். யூனிஃபார்ம் போடக் கூடாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிற கைக்குட்டை.

"அண்ணை, நான் அவருக்குக் குத்தினது வைட்டமின்தான். மாறிக் குத்தேல்லை. ஒருத்தரும் நம்பினமில்லை."

'அவர்' என்பது பரமசிவம். துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. பெனிசிலின் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. முன்பு ஒருமுறை அந்த ஊசியால் சாவின் வாசல் வரைக்கும் போய்த் திரும்பியவர். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் டிஸ்பென்சரிக்கு வந்து சத்து ஊசி போட்டுக்கொண்டார். மத்தியானம் வீட்டில் சாப்பிட்டார். இலையை விட்டு எழுந்ததும் உடம்பெல்லாம் தடிப்பு, தொண்டை அடைப்பு, ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆள் போய்விட்டார். பார்த்த டாக்டர்கள் எல்லாரும் ஒரே குரலில் 'பெனிசிலின்' என்றார்கள். அன்றைக்கு நர்ஸின் தட்டில் வைட்டமின் புட்டியும் பெனிசிலின் புட்டியும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"திங்கட்கிழமை கொரோனரின்ரை மரண விசாரணை. எனக்கு வக்கீலும் இல்லை. ஜெயிலுக்குப் போகாட்டிலும் இனி எந்த ஆஸ்பத்திரியும் என்னை உள்ள விடாது. நான் ஏழு வருசமா இதைத் தவிர வேற ஒண்டும் செய்யேல்லை அண்ணை."

"அழாதேயும் பிள்ளை. உம்மட கையிலை பிழை இல்லையெண்டால் மருந்து வேற வழியாலை போயிருக்கவேணும்." சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைத் துடைத்தால் யோசிக்கிறார் என்று அர்த்தம். மாட்டிக்கொண்டே துடைத்தால் தூங்குகிறார் என்று அர்த்தம்.

"சார், மூக்கு வழியா போயிருக்குமோ?" என்றேன்.

"வாய் வழியா, செல்லக்கண்ணு. உம்மடதைக் கொஞ்சம் மூடும்."

பரமசிவத்தின் வீடு ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். அவர் மனைவி அன்னம்மா கதவைப் பிடித்துக்கொண்டே பேசினாள். காரியம் எல்லாம் முடிந்திருந்தது. மாலை போட்ட படம் ஒன்று ஸ்டூலில் இருந்தது.

"அன்னிக்கு மீன் குழம்புங்க. எங்க அண்ணன் தங்கராஜு பொத்தோங் பாசிர்ல குளம் வச்சு மீன் வளர்க்குறாரு. பெருந்தலைக் கெண்டை ஒண்ணு கொண்டாந்தாரு. நான் சாப்பிட்டேன், அண்ணன் சாப்பிட்டாரு, பக்கத்து வீட்டு ஹலீமாக்கா வீட்டுக்கும் கொடுத்து விட்டேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. மீன் மேல குத்தம் சொல்லாதீங்க."

"எல்லாரும் ஒரே துண்டுதான் சாப்பிட்டனீங்களோ அம்மா?" என்றார் சார்.

"தலை அவருக்குத்தாங்க. எங்க வீட்டுல தலையை வேற யாரும் தொட மாட்டோம். பிடரிச் சதையை நானே பிச்சு, முள்ளு பார்த்து, சோத்து மேல வச்சேன். நல்லா இருக்குன்னு சொல்லிச் சாப்பிட்டாருங்க." அவள் குரல் அங்கே உடைந்தது. "காலையிலேருந்தே நேரம் சரியில்லை. பல்லி சொல்லுச்சு. விளக்கு ரெண்டு தடவை அணைஞ்சுச்சு. மத்தியானம் உறை ஊத்தி வச்ச பால்கூட மறுநாள் வரைக்கும் தோயலைங்க, தண்ணி மாதிரி நின்னுச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்."

நான் பல்லியையே யோசித்துக்கொண்டு நின்றேன். சார் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அவளைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

"தயிர் தோயேல்லையாம்," என்றார் தெருவில்.

"எங்க வீட்டுலயும் அடிக்கடி தோயாது சார். அதுக்காக யாரும் செத்ததில்லை."

"எங்கட கீழ்க்கடை சுப்பிரமணியத்தைக் கேட்டுப் பாரும். மாட்டுக்கு மடி வீங்கினால் பெனிசிலின் போடுவினம். அந்த மாட்டிலை கறந்த பாலிலை உறை ஊத்தினால் தோயாது. பாலைத் தயிராக்கிறதும் ஒரு கிருமிதான் காணும். பெனிசிலின் அதைச் சாகடிச்சுப்போடும்."

"அப்ப பாலுதான் காரணம்னு சொல்றீங்களா?"

"அவர் பால் குடிக்கேல்லை. மீன் சாப்பிட்டவர். ஆனால் அண்டைக்கு அந்த அடுப்படியிலை பெனிசிலின் இருந்திருக்கு. மீனிலை இருந்து பாலுக்கு எப்படியோ ஒட்டியிருக்கவேணும்."

"திரும்பிப் போய் அந்த அம்மாவைக் கேட்டா முடிஞ்சுது லா!"

சார் நின்றார். "கேட்டால் அவவுக்கு விளங்கிப்போடும். புருசனுக்குத் தன்ரை கையாலை என்னத்தைப் பிச்சு வைச்சனெண்டு விளங்கிப்போடும். வேற வழி இருந்தால் அதைப் பாப்பம்."

அந்த இரக்கம் எவ்வளவு விலை கேட்கப்போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அவரைத் தூக்கிக்கொண்டு போயாவது அந்தக் கதவைத் தட்டியிருப்பேன்.

சாயங்காலம் ஃபேரர் பார்க் மைதானத்தில் பந்தாட்டம். அங்கே கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நின்ற ரவூப் பாயைப் பிடித்தோம். மீன் நோய்களைப் பற்றிப் படித்தவர், அதிலேயே உத்தியோகம் பார்க்கிறவர். கண்ணைப் பந்திலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார்.

"மீனுக்கு மருந்தா? குளத்துக்காரங்க தவிட்டுல கலந்து போடுவாங்க சார். பாதி தண்ணியில கரைஞ்சு போயிடும். நோய் வந்த மீன் தின்னவே தின்னாது. தின்ன மீனுக்கும் வயித்துல இறங்குறதுல பெரும்பாலும் அப்படியே பின்வழியா வந்துடும். ரத்தத்துல சேர்றது ரொம்பக் கொஞ்சம். அட, கோல் அடிடா மடையா!"

"சேர்ந்தது என்னாகும்?" என்றேன்.

"நம்ம ஊரு குளம் எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும்ல? சூட்டுல மீனோட உடம்பு வேகமா வேலை செய்யும். சிறுநீர்ல போயிடும், செவுள் வழியா போயிடும். சில நாள்ல மீன் சுத்தம். குளிர் நாடா இருந்தா ரொம்ப நாள் இழுக்கும்."

"ஊசியாப் போட்டால்?" என்றார் சார்.

அப்போதுதான் ரவூப் பாய் பந்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். "ஊசின்னா கதை வேற. வயிறு, குடலு எதுவும் குறுக்க இல்லை. அதுவும் எண்ணெயில கலந்த மருந்துன்னா குத்துன இடத்துலயே கட்டியா உட்கார்ந்துக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கசியும். அந்த இடத்தை மட்டும் ஒருத்தன் தின்னா..."

"குழம்பிலை கொதிச்சாலும்?"

"குறையும், ஒழியாது. ஒத்துக்காதவனுக்கு ஒரு துளி போதும் சார்."

"எத்தனை நாளைக்கு அந்தக் கட்டி மீனிலை நிக்கும்?"

"மாட்டுல பார்த்திருக்காங்க. மீன்ல யாரும் பார்த்ததில்லை. நிக்கலாம், நிக்காமலும் போகலாம். பெரிய மீனுக்கு எங்க குத்துவாங்கன்னு கேக்குறீங்களா? சதை எங்க தடிப்போ அங்கதான்." தன் பிடரியைத் தட்டிக் காட்டினார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை அன்றிரவு. நான் மீன் தலைக்கு உயிரை விடுகிறவன்.

சனிக்கிழமை பொத்தோங் பாசிர். ஒரு பக்கம் கீரைத் தோட்டம், ஒரு பக்கம் குளங்கள், நடுவில் வழுக்குகிற வரப்பு. நான் இரண்டு முறை விழுந்தேன். சார் விழவில்லை, ஏனென்றால் என்னைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தங்கராஜு இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நல்ல உயரம், தங்கையின் அதே கண்கள்.

"போலீஸ்ல எல்லாம் சொல்லியாச்சுங்க. என் மீனுல ஒரு குத்தமும் இல்லை. நானும்தானே தின்னேன்?"

சார் குளத்தைப் பார்க்கவில்லை. குடிசைக்குள் முருகன் படத்துக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்குகளைப் பார்த்தார். மூன்று குட்டி விளக்குகள். தகர மூடியில் துளை போட்டுத் திரி செருகியது.

"வடிவான விளக்கு. புட்டி எங்க வாங்கினனீர்?"

தங்கராஜுவின் கை வலையிலேயே நின்றுவிட்டது. பெனிசிலின் ஊசி மருந்துப் புட்டிகள் அவை, இங்கிலீஷ் லேபிள்கூட உரியவில்லை. எண்ணெய் மருந்து வந்த புட்டி, எண்ணெய் விளக்குக்குத் தோதாக இருக்கும் என்று மனிதர் வீணாக்காமல் வைத்திருக்கிறார். சாமியே காட்டிக்கொடுத்துவிட்டது என்று சொல்ல வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

"மீனுக்கு உடம்பெல்லாம் புண்ணு வந்துச்சுங்க," என்றார் கடைசியில், கரையில் வந்து உட்கார்ந்து. "தவிட்டுல மருந்து போட்டுப் பார்த்தேன், தின்னாத்தானே? கோழிக்கு ஊசி போடுற ஒருத்தன் இந்தப் புட்டியைக் கொடுத்தான். இருந்ததுல பெரிய மீன் ரெண்டுக்கு மட்டும் குத்துனேன், அடையாளத்துக்கு வால் ஓரத்தை வெட்டி விட்டேன். ஒண்ணுதான் மறுநாள் தங்கச்சி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது."

"குத்தின மீனைப் பாத்து ஏன் எடுத்தனீர்?"

"புண்ணு வந்த குளத்து மீனை என் தங்கச்சிக்குக் கொடுக்க மனசு வருமாங்க? மருந்து போட்டதுன்னா நல்ல மீனுன்னு நினைச்சேன். விக்கிற மீனுக்குப் போடாத மருந்தை அவளுக்குக் கொடுக்குற மீனுக்குப் போட்டேன்." நிமிர்ந்து பார்த்தார். "ஏங்க? என்ன மருந்து அது?"

சார் சொன்னார். தங்கராஜு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மச்சானுக்கு ஊசிதான் ஆகாதுன்னு சொல்லுவாங்க. மீனுக்குப் போட்டா மனுசனுக்கு வருமா? யாருக்குங்க தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது. அதாலைதான் அந்த நர்ஸ் பிள்ளை கூண்டிலை நிக்கப்போகுது. திங்கட்கிழமை வந்து சொல்லுவீரோ?"

தங்கராஜு காலில் ஒட்டிய சேற்றை வழித்துப் போட்டார். பிறகு எழுந்தார். "இன்னொரு மீன் குளத்துல இருக்கு. பிடிச்சுத் தர்றேன். அது தலையில அந்த மருந்து இருக்குன்னு காட்டுங்க. இருந்துச்சுன்னா முருகன் மேல சத்தியமா வந்து சொல்றேன். இல்லைன்னா, நான் பண்ணாத பாவத்தைத் தலையில ஏத்திக்கிட்டு என் தங்கச்சி முகத்துல எப்படி முழிப்பேன்?"

அந்த மீனுக்கு ஊசி போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆனால் சாருக்கு வேறு துருப்புச் சீட்டு இல்லை. "சரி," என்றார்.

அப்படித்தான் அந்தத் தலை என் மடிக்கு வந்தது. விளக்காக்காத புட்டி ஒன்றில் மிச்சம் இருந்த சொட்டு மருந்தையும் வாங்கிக்கொண்டோம்.

ஆபீஸில் மனோரஞ்சிதம் காத்திருந்தாள். சார் மூன்று டம்ளர் வைத்தார். சுப்பிரமணியம் கடையில் மருந்து போடாத மாட்டின் பால், காய்ச்சி ஆறவைத்தது. முதல் டம்ளரில் வெறும் பால். இரண்டாவதில் புட்டி மருந்து ஒரு துளி. மூன்றாவதில் மீனின் பிடரிச் சதையைப் பிழிந்த சாறு. மூன்றுக்கும் ஒரே தயிரிலிருந்து உறை ஊற்றினார். ஸ்காட்லாந்து யார்டில் இதைப் பார்த்தால் கடையை மூடிவிட்டு மோர் விற்கப் போய்விடுவார்கள்.

"மூண்டாவது தோயாமல் இருந்தால் நான் தப்பினேன், அப்படித்தானே அண்ணை?" என்றாள் அவள்.

"ஓம் பிள்ளை."

"ஒரு பெம்பிளை பால் தோயக் கூடாதெண்டு செபம் பண்ணுறது இதுதான் முதல் தரமா இருக்கும்." சிரித்தாள். இரண்டு நாளில் முதல் சிரிப்பு அது. என் வேலையை அவள் பிடுங்கிக்கொண்டதற்கு எனக்குக் கோபம்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் மாதா கோயில் பூசையிலிருந்து நேராக வந்தாள். தங்கராஜுவும் வந்தார், எண்ணெய் வைத்து வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, தூக்குக்குப் போகிறவர் மாதிரி. சார் டம்ளர்களைச் சாய்த்துக் காட்டினார். முதலாவது கட்டித் தயிர். இரண்டாவது தண்ணீராக ஆடியது. மருந்து தயிரைக் கொல்லும் என்பது நிரூபணமாகிவிட்டது. எல்லாரும் மூன்றாவதைப் பார்த்தோம்.

சார் சாய்த்தார். அசையவில்லை. இன்னும் சாய்த்தார். கரண்டியால் வெட்டி எடுக்கலாம், அப்படித் தோய்ந்திருந்தது.

கீழே ஒரு மாடு கத்தியது.

"மீன் தன்னைத் தானே கழுவிட்டுது," என்றார் சார் மெதுவாக. "மூண்டு கிழமை. இந்த வெயில் தண்ணியிலை எல்லாம் போட்டுது. தங்கராஜு, உமக்கு விளங்குதே? அண்டைக்கு, குத்தின மறுநாள், அந்தத் தலையிலை இருந்தது. இண்டைக்கு இந்தத் தலையிலை இல்லை. இது உம்மட மீன் குற்றமில்லாததெண்டு காட்டேல்லை."

"தயிர் தோஞ்சுதுல்லங்க?"

"தோய்ஞ்சுது. ஆனால்..."

"தோஞ்சுதுங்க." தங்கராஜுவின் கண்ணில் தண்ணீர் இப்போதுதான் வந்தது. நிம்மதியில் வந்த தண்ணீர். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நான் சத்தியம் பண்ணித்தான் கேட்டேன். முருகன் காட்டிட்டான். என் மீனுல ஒண்ணும் இல்லை. அந்தப் புட்டி கோழிக்கு வாங்குனது. கோர்ட்டுல கேட்டா அதைத்தான் சொல்லுவேன்."

"அண்ணே, நேத்து எங்க காதுபட சொன்னீங்களே!" நான் எழுந்தேவிட்டேன்.

"நீங்க அந்தப் பொண்ணுகிட்ட காசு வாங்குறவங்க. உங்க காதை யாரு கேப்பா?"

நியாயமான கேள்வி. முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் போய்ப் பார்த்த போலீஸ் இன்ஸ்பெக்டரும் அதையேதான் சொல்லி எங்களைச் சாட்சியாகச் சேர்க்க மாட்டேன் என்றிருந்தார். தங்கராஜு மனோரஞ்சிதத்தைக் கும்பிட்டார். "மன்னிச்சுக்கம்மா," என்றார். குற்றம் இல்லாதவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்? அதை நான் கேட்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டார்.

மனோரஞ்சிதம் மூன்றாவது டம்ளரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "நல்லாத் தோய்ஞ்சிருக்கு," என்றாள்.

அவள் போனபிறகு நான் சார் மேல் பாய்ந்தேன். "சார், பாவபுண்ணியம் பார்த்தது போதும். அந்த அம்மா வீட்டுத் தயிர்தான் இனி மிச்சம். அவங்களைக் கேளுங்க. இந்தப் பொண்ணு தெருவுல நிக்கும்போது உங்க இரக்கம் வந்து சோறு போடுமா?"

சார் கோபித்துக்கொள்ளவில்லை. "நீர் சொல்லுறது சரி. வெள்ளிக்கிழமையே கேட்டிருக்கவேணும். வாரும்," என்று குடையை எடுத்தார். ரேஸ் கோர்ஸ் ரோட்டுச் சந்தில் அந்தக் கதவு பூட்டியிருந்தது. தங்கையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார் அண்ணன் என்று பக்கத்து வீட்டு ஹலீமாக்கா சொன்னாள். அங்கே போனால் அவர் எங்களைப் பேச விடமாட்டார்.

திங்கட்கிழமை கோர்ட்டு வராந்தாவிலும் அவள் கிட்டே போக முடியவில்லை. தங்கராஜு அவள் முழங்கையைப் பிடித்தபடியே நடந்தார். நாங்கள் பொதுஜன பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். மேலே ஃபேன், அதன் கீழே வெள்ளைக்காரக் கொரோனர். சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், கோட்டும் டையுமாக ஒரு தமிழர். டாக்டர் வந்தார், பெனிசிலின் என்றார். டிஸ்பென்சரி முதலாளி வந்தார், தட்டில் இரண்டு புட்டி என்றார். தங்கராஜு வந்தார், நல்ல மீன் என்றார். மனோரஞ்சிதம் எழுந்து நின்று வக்கீல் இல்லாததால் தானே இங்கிலீஷில் கேட்டாள், மீனுக்கு ஊசி போட்டீர்களா என்று. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் கேட்டார். இல்லை என்றார் தங்கராஜு, தரையைப் பார்த்து.

பிறகு அன்னம்மா. கணவன் எப்போது வந்தார், என்ன சாப்பிட்டார், எப்படி விழுந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் கொடுத்தார். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கொரோனர் கேட்டார்.

"என்னத்தைச் சொல்ல? நேரம் சரியில்லைங்க. பல்லி சொல்லுச்சு. விளக்கு அணைஞ்சுச்சு. ஊத்தி வச்ச உறைகூட அன்னிக்குத் தோயலைங்க..." சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சார் என் தொடையைப் பிடித்து நசுக்கினார். நாங்கள் கேட்காமலே, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, சத்தியப் பிரமாணத்தின் மேல் அந்த வார்த்தை கூண்டில் விழுந்துவிட்டது! இருவரும் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தோம்.

அவர் தொண்டையைச் செருமினார். "விதவை புலம்புகிறாள், ஐயா," என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கொரோனர் இரக்கத்தோடு தலையாட்டினார். பேனா அசையவில்லை.

சார் எழுந்துவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் அவர் அத்தனை வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. "சாட்சி சொன்னது அதில்லை, ஐயா! தயிர் தோயவில்லை என்று சொன்னார்!" என்று இங்கிலீஷில் கத்தினார்.

கோர்ட்டு சிரித்தது. போலீஸ்காரர் சிரித்தார், டிஸ்பென்சரி முதலாளி சிரித்தார், மொழிபெயர்ப்பாளர்கூடச் சிரித்தார். மனோரஞ்சிதம் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தாள், சிரிப்பில் அது கேட்கவே இல்லை. கொரோனர் மேசையைத் தட்டினார். போலீஸ்காரர் வந்து சாரின் முழங்கையைத் தொட்டார். என்னையும் தொட்டார். நான் வாயைத் திறந்தேன், ஒரு பகடியும் வரவில்லை. வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

தீர்ப்பு வந்தபோது நாங்கள் வராந்தாவில் நின்றிருந்தோம். தவறுதலாகப் போட்ட பெனிசிலின் ஊசியால் மரணம், மேல் நடவடிக்கைக்கு விஷயம் போலீசுக்கு. மனோரஞ்சிதம் வெளியே வந்து சுவரோடு சாய்ந்து நின்றாள். கொரோனரின் கார் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. தங்கராஜு டாக்சி பிடிக்கத் தெருவுக்கு ஓடினார்.

அப்போதுதான் அன்னம்மா தனியாக எங்களிடம் வந்தாள்.

"ஏங்க, தயிரைப் பத்தி ஏன் எந்திரிச்சுக் கத்துனீங்க?"

அந்தக் கட்டடத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். சார் பொய் சொல்லத் தெரியாத மனிதர். மருந்து இருந்தால் பால் தோயாது அம்மா என்று மட்டும் சொன்னார்.

அவள் யோசித்தாள். அவள் முகத்தில் அது ஒவ்வொரு படியாக இறங்குவதை நான் பார்த்தேன். பார்க்காமல் இருக்க எங்கே திரும்புவது என்று தெரியவில்லை.

"குளத்து மீனுக்குச் சேத்து வாடை இருக்கும்ங்க. அது போறதுக்குத் தலையை மோர்ல ஊறப் போடுவேன். அன்னிக்கும் போட்டேன். அப்புறம் அந்தச் சட்டியைக் கழுவிட்டு அதுலதான் பாலை ஊத்தி உறை வச்சேன். தண்ணியிலதான் கழுவுனேன். எண்ணெய்ப் பிசுக்கு போகலை, மீனுக் கொழுப்புன்னு நினைச்சேன்." நிறுத்தினாள். "எங்கண்ணன் குளத்துல ஊசி போட்டாரா?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். அதுவே பதிலாகிவிட்டது.

தெருவில் டாக்சி வந்து நின்றது. தங்கராஜு கையை ஆட்டிக் கூப்பிட்டார். அன்னம்மா அவரைப் பார்த்தாள். பிறகு மனோரஞ்சிதத்திடம் போய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ குத்தலைம்மா. நான்தான் ஊட்டுனேன். எனக்குத் தெரியும். ஆனா இதைக் கோர்ட்டுல வந்து சொல்லச் சொல்லிக் கேட்காதே. எனக்கு இருக்குறது எங்கண்ணன் ஒருத்தர்தான்."

மனோரஞ்சிதம் கையை உருவவில்லை, திட்டவில்லை, அழவும் இல்லை.

"அது எனக்குப் போதாது அக்கா," என்றாள்.